சென்னை வெயிலில் எங்கே ஒதுங்குவது? மணி பார்த்து இடம் தேடும் முழுமையான வழிகாட்டி

மார்ச் பிறந்ததும் ஊட்டி, கொடைக்கானல் என்று பேச்சு தொடங்கிவிடும். லீவு கிடைக்க வேண்டும், அறை கிடைக்க வேண்டும், 2024 முதல் இ-பாஸும் எடுக்க வேண்டும். எல்லாம் கூடி வந்து நான்கு நாள் போய்த் திரும்பினாலும் மீதிக் கோடையை இங்கேதான் தள்ளியாக வேண்டும். இந்த வழிகாட்டி அந்த மீதிக் கோடைக்கானது. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள், பகல் முழுவதும் ஏசி போட்டால் மின் கட்டணம் கட்டுப்படியாகாதவர்கள், வேலை நிமித்தம் தெருவில் அலைபவர்கள், பள்ளி விடுமுறையில் குழந்தைகளை வைத்துக்கொண்டு திண்டாடுபவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

யாராவது ஓர் இடத்தைக் காட்டி, அங்கே போனால் குளுகுளுவென்று இருக்கும் என்று சொன்னால் நான் இரண்டு கேள்வி கேட்பேன். எத்தனை மணிக்கு? அங்கே எவ்வளவு நேரம் உட்கார விடுவார்கள்? மெரினா காலை ஆறு மணிக்குச் சொர்க்கம், பகல் பன்னிரண்டுக்கு மணலில் கால் வைக்க முடியாது. வங்கி ஏடிஎம் அறை எப்போதும் ஜில்லென்று இருக்கும், ஆனால் அங்கே யாரும் குடியிருக்க முடியாது. பூங்காக்களின் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்துக்கொள்வதைவிட இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவைத்திருப்பது அதிகம் உதவும்.

முதல் படி: வெப்பநிலையோடு காற்றையும் பாருங்கள்

கைபேசியில் வெப்பநிலையை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்புவது இந்த ஊருக்குப் பொருந்தாது. ஈரப்பதம், காற்றின் திசை இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 38 டிகிரி வெயிலும் 30 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடும். நல்ல நிழல் கிடைத்தால் சமாளித்துவிடலாம். 34 டிகிரி வெயிலும் 70 சதவீத ஈரப்பதமும் சேர்ந்தால் எண் குறைவுதான், அவஸ்தை அதிகம். சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும், நிழலில் நின்றாலும் புழுங்கும். முதல் வகை நாளுக்கு மரத்தடி போதும். இரண்டாம் வகை நாளில் நல்ல காற்றோட்டமோ ஏசியோ இல்லாமல் உடம்பு ஆறாது.

காற்றின் திசையில்தான் சென்னைக் கோடையின் சூட்சுமம் இருக்கிறது. பகலில் தரை கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. தரைக்கு மேலே உள்ள காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வருகிறது. ஏப்ரலில் இது பெரும்பாலும் நண்பகலை ஒட்டித் தொடங்கிவிடும். மே பிற்பகுதியிலும் ஜூனிலும் மேற்கிலிருந்து வறண்ட மேல்காற்று பலமாக வீசி, கடல் காற்றை வாசலிலேயே நிறுத்திவைக்கும். அது கரையேற மூன்று மணிகூட ஆகலாம், சில நாள் வராமலே போகலாம். அப்படிப்பட்ட நாள்களில்தான் 40 டிகிரியைத் தாண்டுகிறது. நகரத்தின் உச்ச அளவான 45 டிகிரி பதிவானது 2003 மே மாதத்தின் கடைசி நாள்களில். எனவே அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டது என்று காலண்டரில் பார்த்ததும் குடையை மடித்து வைத்துவிடாதீர்கள்.

எந்தப் பக்கத்துக் காற்று என்று அறிய கருவி எதுவும் வேண்டாம். பதினொரு மணிக்கு மாடிக் கொடியில் காயும் துணியைப் பாருங்கள். துணி கிழக்கே கடலை நோக்கிப் பறந்தால் மேல்காற்று வீசுகிறது. உச்சி வெயிலில் வெளியே தலை காட்டாதீர்கள். துணி தளர்ந்து தொங்கி, கொஞ்ச நேரத்தில் மேற்கு நோக்கித் திரும்பினால் கடல் காற்று உங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. அடுத்த அரை மணி நேரத்தில் வெப்பநிலை இறங்குவதை உடம்பே சொல்லும். கசகசப்பு மட்டும் கூடும்.

செய்திகளில் நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் என்று இரண்டு எண்கள் சொல்கிறார்களே, அதற்கும் பயன் உண்டு. மீனம்பாக்கம் கடலிலிருந்து தள்ளி இருப்பதால் கடல் காற்று அங்கே தாமதமாகவே போய்ச் சேரும். பல நாள்களில் ஓரிரு டிகிரி கூடுதலாகவே இருக்கும். மயிலாப்பூர், திருவல்லிக்கேணிக்காரர்கள் முதல் எண்ணைப் பார்க்கலாம். போரூர், அம்பத்தூர், பூந்தமல்லிக்காரர்கள் இரண்டாவது எண்ணைத் தங்கள் கணக்காக வைத்துக்கொள்ள வேண்டும், இன்னும் கொஞ்சம் கூட்டியும் கொள்ளலாம்.

இரண்டாம் படி: கால் மணி நேர நடைக்குள் மூன்று இடம்

அம்பத்தூரில் இருப்பவர் அடையாற்றின் நிழலைத் தேடிப் போவதில் அர்த்தமில்லை. பஸ் நிறுத்தத்தில் இருபது நிமிடம் காய்ந்து, நெரிசலில் ஒரு மணி நேரம் நின்று போய்ச் சேர்வதற்குள் தேடிப் போன குளிர்ச்சியைப் போல இரண்டு மடங்கு சூட்டை உடம்பு வாங்கிக்கொண்டிருக்கும். வீட்டிலிருந்து கால் மணி நேரத்தில் நடந்தே போகக்கூடிய மூன்று இடங்களைக் கண்டுபிடித்து வையுங்கள். ஒன்று காலைக்கு, ஒன்று உச்சி வேளைக்கு, ஒன்று மாலைக்கு.

உச்சி வேளைக்கான இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போதுதான் கவனம் தேவை. கிளை நூலகம், மண்டபம், தேவாலயம், கடை வளாகம், மெட்ரோ நிலையம் என்று எதுவாகவும் இருக்கலாம். சாய்ந்து உட்கார நாற்காலியோ பெஞ்சோ இருக்கிறதா, குடிநீர் இருக்கிறதா, மதியம் பூட்டுவார்களா, வார விடுமுறை என்றைக்கு என்று ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிடுங்கள். கழிப்பறை இருக்கிறதா என்பதை இவை எல்லாவற்றுக்கும் முன்பே பாருங்கள். வெளியே கழிப்பறை கிடைக்காது என்ற பயத்தில் தண்ணீரே குடிக்காமல் கிளம்பும் பெண்கள் இந்த நகரத்தில் ஏராளம். கோடையில் அதைவிட ஆபத்தான பழக்கம் வேறில்லை. கழிப்பறை இல்லாத இடத்தை நான் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இன்னொன்றும் பாருங்கள். நாளிதழ்களில் ‘நாளைய மின்தடை’ என்று ஒரு சின்னப் பெட்டிச் செய்தி வரும். பராமரிப்புப் பணிக்காகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை மின்சாரத்தை நிறுத்தும் பகுதிகளின் பட்டியல் அது. வெயிலின் முக்கால்வாசி அந்த ஐந்து மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். உங்கள் தெருவின் பெயர் அதில் இருந்தால், எட்டரை மணிக்கே பெரியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு கிளம்பிவிடுவது நல்லது. உங்கள் தெருவில் மின்சாரம் இல்லாதபோது பக்கத்துத் தெரு நூலகத்திலும் மின்விசிறி சுற்றாது என்பதையும் நினைவில் வையுங்கள். அன்றைக்கு மட்டும் கொஞ்சம் தூரம் போகத்தான் வேண்டும்.

மூன்றாம் படி: விடியலிலிருந்து ஒன்பது மணி வரை மரம்

இந்த நேரத்துக்கு மரம்தான் சரி. எந்த மரம் என்பதும் முக்கியம். மே மாதத்தில் சிவக்கச் சிவக்கப் பூக்கும் மயில்கொன்றை கண்ணுக்கு அழகு, நிழலுக்கு அவ்வளவாக உதவாது. புங்கம் ஏப்ரலிலேயே புதுத் தளிர் விட்டு அடர்ந்துவிடும். தூங்குமூஞ்சி மரம் சாலையின் இரு பக்கத்தையும் இணைத்துப் பந்தல் போடும். ஆலும் வேம்பும் சொல்லவே வேண்டாம்.

அண்ணாநகர் டவர் பூங்காவை முதலில் சொல்வேன். 1968-ல் நடந்த உலக வர்த்தகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரத்தைச் சுற்றி மரங்கள் நன்றாக அடர்ந்திருக்கின்றன. மெட்ரோ நிலையமும் ஒட்டியே இருப்பதால் வெயில் ஏறியதும் அப்படியே கீழே இறங்கிவிடலாம். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவும் மெட்ரோ நிலையத்தின் தலைமேலேயே இருக்கிறது. மயிலாப்பூர் லஸ்ஸில் அமிர்தாஞ்சன் நிறுவனர் நாகேஸ்வர ராவ் பெயரிலுள்ள பூங்கா சிறியதுதான், ஆனால் பழைய மரங்கள் உள்ள இடம். கதீட்ரல் சாலையில் செம்மொழிப் பூங்கா 20 ஏக்கர். உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த அந்த இடத்தில் 2010-ல் திறந்தார்கள். எதிரிலேயே 2024-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு பூங்காவும் இருக்கிறது. புதிய பூங்காவில் மரங்கள் இன்னும் வளர வேண்டும். வெயிலுக்கு ஒதுங்குவதற்கு என்றால் செம்மொழிப் பூங்காதான்.

கிண்டி சிறுவர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. பக்கத்தில் 270 ஹெக்டேர் தேசியப் பூங்கா இருப்பதால் அந்த வட்டாரக் காற்றே வேறு மாதிரி இருக்கும். அடையாறு பிரம்மஞான சபையின் தோட்டமும் அதன் ஆலமரமும் புகழ்பெற்றவை. 1989 புயலில் மூல மரம் சாய்ந்த பிறகும் விழுதுகள் நின்று நிழல் தருகின்றன. ஆனால் பார்வையாளர்களை அனுமதிக்கும் நேரம் மிகக் குறைவு. அதை நம்பி ஒரு நாளைத் திட்டமிட வேண்டாம்.

மாநகராட்சிப் பூங்காக்களில் சிலவற்றை மதியம் பூட்டுவார்கள். யாருக்கு நிழல் மிகவும் தேவையோ அந்த நேரத்தில் நிழலைப் பூட்டி வைப்பது எந்த ஊர் நியாயம் என்று தெரியவில்லை. பூட்டாத பூங்கா உங்கள் பகுதியில் எது என்று முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: பத்து முதல் நான்கு வரை கூரைக்குக் கீழே

இந்த ஆறு மணி நேரத்துக்கான முதல் பரிந்துரை நூலகம். காசு கேட்க மாட்டார்கள், ஏன் வந்தாய் என்று கேட்க மாட்டார்கள், எழுந்து போ என்றும் சொல்ல மாட்டார்கள். நகரத்தில் இப்படி மூன்றும் கூடிவரும் இடம் வேறு எது?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010 செப்டம்பரில் திறக்கப்பட்டது. 8 ஏக்கர் வளாகம், ஒன்பது தளம், முழுவதும் ஏசி. பையை வாசலிலேயே ஒப்படைத்துவிட வேண்டும். சொந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய்ப் படிக்கத் தனிப் பிரிவு உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் காலையிலேயே வந்து அந்த இடத்தைப் பிடித்துவிடுவார்கள். பத்து மணிக்குப் போனால் அங்கே நாற்காலி கிடைப்பது சிரமம். அதனால் மேல் தளங்களுக்குப் போய்விடுங்கள். அங்குள்ள நூல்களை எடுத்துப் படிப்பவர்களுக்கு இடம் தாராளமாகக் கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் நேராக அவர்களுக்கான பிரிவுக்குப் போகலாம்; அங்கே செயற்கை மரம் ஒன்றைச் சுற்றி உட்கார்ந்து படம் பார்த்தே மூன்று மணி நேரத்தை ஓட்டிவிடுவார்கள். ஒரு மெல்லிய சால்வையும் எடுத்துச் செல்லுங்கள். வியர்வையோடு உள்ளே நுழைந்து ஏசி காற்றில் உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் பெரியவர்களுக்குத் தோள்பட்டை பிடித்துக்கொள்ளும்.

எழும்பூரில் 1896-ல் தொடங்கிய கன்னிமாரா நூலகமும் 1851-ல் தொடங்கிய அரசு அருங்காட்சியகமும் ஒரே வளாகத்தில் உள்ளன. ஒரு நாள் முழுவதையும் கழிக்க இதற்கு ஈடான இடம் நகரத்தில் இல்லை என்பது என் கட்சி. முற்பகலில் நூலகத்தில் நாளிதழ்கள், பிற்பகலில் அருங்காட்சியகம், நடுவில் வளாகத்துப் பெரிய மரங்களுக்கு அடியில் சாப்பாடு. அமராவதி சிற்பங்களையும் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளையும் அவசரமாகப் பார்த்துவிட்டு ஓடுகிறவர்கள்தான் அதிகம். வெயில் தணியக் காத்திருப்பவர் ஒரே நடராசர் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம். அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை.

வீட்டுக்குப் பக்கத்தில் கிளை நூலகம் இருந்தால் அதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஏசி இருக்காது, மின்விசிறிதான். ஆனால் தரைத்தளம், உயரமான கூரை, எதிரெதிர் சன்னல்கள் இருந்தால் உங்கள் மேல்மாடி வீட்டைவிட அது எவ்வளவோ மேல். வடசென்னைப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு, 2024 நவம்பரில் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது. படிக்கவும் கணினியில் வேலை செய்யவும் குறைந்த கட்டணத்தில் இடம் தருகிறார்கள்.

அடுத்தது பழைய கட்டடங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய கான்கிரீட் கூரை பகல் முழுவதும் வெயிலை விழுங்கி, இரவில் அதை வீட்டுக்குள் உமிழ்கிறது. பழைய ‘மெட்ராஸ் டெரஸ்’ கூரையின் அமைப்பு வேறு. தேக்கு உத்தரங்களுக்கு மேலே மெல்லிய செங்கற்களைச் செங்குத்தாக நிறுத்திச் சுண்ணாம்புச் சாந்தால் பிணைப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சேர்த்து இடித்த தளம், அதற்கும் மேல் தட்டோடு. கூரை தலைக்கு மேலே பதினைந்தடி உயரத்தில் இருக்கும். சுவரின் தடிமன் ஒன்றரை அடிக்குக் குறையாது. வெளிச்சூடு அத்தனையையும் தாண்டி உள்ளே வந்து சேர்வதற்குள் பொழுது சாய்ந்துவிடும். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தெரியும்: உங்கள் வீட்டு மேற்குச் சுவர் மூன்று மணிக்குத் தோசைக்கல், இந்தச் சுவர் மண்பானை.

இதைப் புனித ஜார்ஜ் கோட்டையில் அனுபவிக்கலாம். அங்குள்ள புனித மேரி தேவாலயம் 1680-ல் திறக்கப்பட்டது. முற்றுகை வந்தால் பீரங்கிக் குண்டைத் தாங்க வேண்டும் என்று வளைவுக் கூரையையும் சுவர்களையும் அத்தனை கனமாகக் கட்டினார்கள். இன்று அவை தடுப்பது வெயிலை. தலைமைச் செயலகம் இருக்கும் இடமாதலால் வாசலில் சோதனை இருக்கும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். கோட்டை அருங்காட்சியகத்துக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. பாரிமுனைக்கு ஏதாவது வேலையாகப் போகிறவர்கள் அரண்மனைக்காரன் தெருவிலுள்ள ஆர்மேனியர் தேவாலயத்தை எட்டிப் பாருங்கள். 1772-ல் கட்டிய கட்டடம். தெருவின் இரைச்சலும் அனலும் வாசலோடு நின்றுவிடும். எழும்பூர் புனித ஆண்ட்ரூ ஆலயம் வட்ட வடிவக் குவிமாடத்தின் கீழ் நல்ல காற்றோட்டத்தோடு இருக்கிறது. சாந்தோம் பேராலயம் பகலில் பெரும்பாலும் திறந்தே இருக்கும். பிரார்த்தனைக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். பின்வரிசையில் பேசாமல் உட்கார்ந்தால் யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

கோயில் கல் மண்டபங்களும் இதே வகைக் குளிர்ச்சிதான். ஆனால் பெரும்பாலான கோயில்களில் நண்பகலில் நடை சாத்தி நாலு மணி வாக்கில்தான் திறப்பார்கள். கபாலீசுவரர் கோயிலோ பார்த்தசாரதி கோயிலோ, பத்து மணிக்குள் போய்விடுங்கள். பிரகாரக் கல் கொதிக்கும். விரித்திருக்கும் தேங்காய் நார் விரிப்பை விட்டு இறங்கினால் குழந்தைகளின் பாதம் பொத்துப்போகும்.

திருவல்லிக்கேணிக் கடற்கரைச் சாலையிலுள்ள விவேகானந்தர் இல்லத்துக்கும் ஒரு வெயில் கதை உண்டு. அமெரிக்காவின் குளங்களில் வெட்டியெடுத்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து, ஃபிரெடரிக் டூடர் என்ற வணிகர் கப்பலில் சென்னைக்கு அனுப்பினார். அதைச் சேமித்து வைக்க 1842-ல் கட்டியதுதான் அந்த ஐஸ் ஹவுஸ். வெள்ளைக்காரத் துரைமார்களின் கோப்பைக்காக உலகத்தின் பாதியைச் சுற்றி வந்த ஐஸ் அது. இப்போது உள்ளே கண்காட்சி இருக்கிறது. கடல் காற்று முதலில் தொடும் கட்டடங்களில் அதுவும் ஒன்று.

மெட்ரோவை ஒதுங்குமிடமாகச் சொல்லலாமா? சொல்லலாம், ஒரு வரம்போடு. வண்ணாரப்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரையும், சென்ட்ரலிலிருந்து திருமங்கலம் வரையும் நிலையங்கள் பூமிக்கு அடியில் உள்ளன. படியிறங்கும்போதே வித்தியாசம் தெரியும். டிக்கெட் எடுத்து உள்ளே போனவர்கள் இவ்வளவு நேரத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கணக்கு உண்டு, தாண்டினால் அபராதம். டிக்கெட் வாசலுக்கு வெளியே உள்ள கூடத்தில் இளைப்பாறிவிட்டுப் போவதில் பிரச்சினை இல்லை. சென்ட்ரல் பகுதியில் பூந்தமல்லி நெடுஞ்சாலையை வெயிலில் கடப்பதற்குப் பதிலாக மெட்ரோ சுரங்கப் பாதையில் நடந்தால் பாதி உயிர் மிச்சம்.

கடை வளாகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ, வேளச்சேரி ஃபீனிக்ஸ், அண்ணாநகர் வி.ஆர். என்று எல்லோருக்கும் தெரியும். குளிர்ச்சி உண்டு, கழிப்பறை உண்டு, உட்கார இடம்தான் வேண்டுமென்றே குறைவாக வைத்திருப்பார்கள். உட்கார வேண்டுமானால் சாப்பாட்டுத் தளத்துக்குப் போக வேண்டும், அங்கே போனால் பர்ஸ் திறக்கும். அண்ணா சாலையின் ஸ்பென்சர் பிளாசாவில் பழைய கூட்டம் இல்லை. அதனாலேயே அங்கே நிம்மதியாக நடமாடலாம். சினிமா தியேட்டர் என்றால் காலைக் காட்சியை விட்டுவிட்டு, இரண்டு, இரண்டரை மணிக் காட்சிக்குப் போங்கள். வெளியே வரும்போது கடல் காற்று காத்திருக்கும். உணவகங்களில் ‘ஏசி ஹால்’ என்று தனியாக எழுதியிருந்தால் அதே இட்லிக்கு விலை வேறாக இருக்கலாம், பட்டியலைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

ஐந்தாம் படி: போகும் வழியையும் குளிர்ச்சியாக்குங்கள்

வெயிலில் அடிபடுவது பெரும்பாலும் போகும் வழியில்தான். வடக்கு தெற்காகப் போகும் தெருவில் முற்பகலில் கிழக்குப் பக்கமும், பிற்பகலில் மேற்குப் பக்கமும் கட்டட நிழல் விழும். அந்த ஓரமாக நடக்கப் பழகுங்கள். கிழக்கு மேற்காகப் போகும் தெரு உச்சி வேளையில் இரண்டு பக்கமும் காயும். ஒரு தெரு சுற்றிப் போனாலும் பரவாயில்லை. கறுப்புக் குடையானாலும் குடை குடைதான், வெட்கப்படாமல் எடுத்துச் செல்லுங்கள். பஸ்ஸில் ஏறியதும் சூரியன் எந்தப் பக்கம் வரும் என்று யோசித்து இருக்கை பிடிப்பது நம் ஊரில் எல்லோருக்கும் கைவந்த கலை, அதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடற்கரை, தாம்பரம், செங்கல்பட்டு தடத்தில் 2025 ஏப்ரல் முதல் ஏசி மின்சார ரயில் ஓடுகிறது. குறைந்தபட்சக் கட்டணம் 35 ரூபாயில் தொடங்கியது. சாதாரண ரயிலோடு ஒப்பிட்டால் கூடுதல்தான், ஆட்டோவோடு ஒப்பிட்டால் மலிவு. சேவைகள் குறைவாக இருப்பதால் நேர அட்டவணை பார்த்துவிட்டு நிலையத்துக்குப் போங்கள்.

வழியில் இளநீர், நீர்மோர், நுங்கு, பானகம் எது கிடைத்தாலும் சரி. மயிலாப்பூர் மாடவீதிப் பக்கம் காளத்தி ரோஸ் மில்க் குடிப்பது ஆசைக்கு, தாகத்துக்கு அன்று. சர்க்கரை அதிகமுள்ள குளிர்பானங்கள் தாகத்தைத் தீர்க்காது. தெருவோரம் சர்பத்தில் போடும் ஐஸ் எந்தத் தண்ணீரில் செய்தது என்று தெரியாதவரை அதைத் தவிர்ப்பதே மேல்.

தெருவில்தான் வேலை என்பவர்களுக்கு இந்த நகரம் செய்திருப்பது கொஞ்சம்தான். உணவு விநியோகம் போன்ற வேலைகளில் இருப்பவர்களுக்காக 2025-ல் அண்ணாநகரிலும் தியாகராய நகரிலும் மாநகராட்சி ஏசி ஓய்வறைகளைத் திறந்தது. நல்ல தொடக்கம். கட்டடத் தொழிலாளர்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் தெரு வியாபாரிகளுக்கும் இன்னும் மரத்தடியும் மேம்பாலத்து அடிப்பகுதியும்தான். வெப்ப அலையை மாநிலப் பேரிடராக 2024 அக்டோபரில் தமிழக அரசு அறிவித்தது. வெப்பத்தால் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. இறந்த பிறகு கிடைக்கும் பணத்தைவிட, உயிரோடு இருக்கும்போது வார்டுக்கு ஒரு நிழற்கூடம் பெரிய உதவியாக இருக்கும்.

ஆறாம் படி: ஐந்து மணிக்கு மேல் கடற்கரை

சூரியன் மேற்கே சாய்ந்து, கடல் காற்று நிலைபெற்ற பிறகுதான் கடற்கரை. மணல் சூடு ஆறத் தாமதமாகும். முதலில் அணுகுசாலை ஓரத்திலும் நடைபாதையிலும் இருந்துவிட்டு, இருட்டத் தொடங்கியதும் அலையோரம் போகலாம். மெரினாவில் கூட்டம் அதிகம் என்றால் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் போங்கள். குளிக்க இறங்காதீர்கள். முழங்கால் ஆழத்திலேயே ஆளை இழுத்துச் செல்லும் கடல் இது. பெசன்ட் நகரில் நிற்கும் ஷ்மிட் நினைவுச் சின்னம், 1930-ல் நீரில் மூழ்கியவரைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட ஒருவருக்காகக் கட்டியதுதான். தண்ணீரில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மாநகராட்சியின் மெரினா நீச்சல் குளம் இருக்கிறது. நேரம் பிரித்து அணியணியாக அனுமதிக்கிறார்கள்.

ஏழாம் படி: இரவுக்கு வீட்டைத் தயார்செய்யுங்கள்

இரவில் போக இடமில்லை, வீட்டைத்தான் ஒதுங்குமிடமாக்க வேண்டும். மேல்மாடிக்காரர்கள் மார்ச்சிலேயே மொட்டை மாடிக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்தால் வெயிலைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம். மேற்குச் சன்னலுக்கு வெளிப்பக்கம் தட்டியோ பச்சை வலையோ கட்டுங்கள். உள்பக்கத் திரை வெயிலை உள்ளே விட்ட பிறகுதான் மறைக்கும். பகலில் வெளிக்காற்று அனலாக இருக்கும் வரை சன்னல்களைச் சாத்தி வைத்து, கடல் காற்று திரும்பியதும் கிழக்குச் சன்னலையும் அதற்கு எதிரே உள்ளதையும் திறந்துவிடுங்கள்.

ஏர்கூலர் வாங்கலாமா என்று பலரும் கேட்கிறார்கள். அது தண்ணீர் ஆவியாவதை நம்பி இயங்கும் கருவி. வறண்ட மேல்காற்று வீசும் முற்பகலில் நன்றாக வேலை செய்யும். ஈரமான கடல் காற்று வந்த பிறகு, சன்னலைச் சாத்திக்கொண்டு அதைப் போட்டால் அறை குளியலறை மாதிரி ஆகிவிடும். வெட்டிவேர் தட்டிக்கும் இதே கணக்குதான். கடலுக்கு அருகில் இருப்பவர்கள் அந்தப் பணத்தை ஒரு நல்ல மின்விசிறியில் போடலாம்.

எட்டாம் படி: உடம்பு எச்சரித்தால்

தலைச்சுற்றல், தலைவலி, குமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தால் எந்த வேலையானாலும் நிறுத்திவிட்டு அருகிலுள்ள நிழலுக்கோ ஏசிக்கோ போய்விடுங்கள். கடையோ வங்கியோ, எது கண்ணில் படுகிறதோ அங்கே நுழைந்து காரணத்தைச் சொல்லுங்கள். யாரும் வெளியே தள்ள மாட்டார்கள். உப்புச் சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். இதய நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மருந்து எடுப்பவர்கள் கோடைக்கு முன்பே மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. சில மாத்திரைகள் உடம்பின் நீரைக் கூடுதலாக வெளியேற்றும்.

பேச்சு குழறினால், ஆள் தடுமாறினால், உடம்பு நெருப்பாகக் கொதித்தால் அது வெப்பவாதம். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும் வரை சும்மா நிற்காமல் அவரை நிழலில் கிடத்தி, உடையைத் தளர்த்தி, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும்.